மைதானத்தில் சிப்பாய்; போர்க்களத்தில் காப்டன்!

1943-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி இரவு. சிசிலித் தீவில், கட்டானியா நகரை அடுத்த சமவெளி. விளைந்து நின்ற தானிய வயல்களுக்கு இடையே பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர்ந்து கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பண்ணை வீடு. அதில் ஜெர்மானியர் பதுங்கி இருந்தனர்.

திடீரென்று குண்டு மழை பொழிந்தது. வயல் தீப்பிடித்துக் கொண்டது. இருட்டை நம்பி வந்தவர்கள் வெளிச்சத்தில் அகப்பட்டுக் கொண்டார்கள்.

படையை நடத்தி வந்த காப்டனின் மார்பில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அவர் சாய்ந்தார். ஆனால், "என்னைத் தூக்குங்கள்" என்று அவர் சொல்லவில்லை. "நிற்காதீர்கள், போய்க்கொண்டே இருங்கள்! அந்தப் பண்ணை வீட்டில் இருந்து அவர்களை வெளியேற்றுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

அந்தக் காப்டன் பெயர் ஹெட்லி வெரிட்டி. வயது 38. மனைவியும் இரண்டு மகன்களும் இங்கிலாந்தில் இருந்தார்கள். பத்தாண்டுக் காலம் இங்கிலாந்தின் தலைசிறந்த கிரிக்கெட் பந்து வீச்சாளர்களில் ஒருவராக விளங்கியவர் அவர். நமது சென்னை சேப்பாக்கம் மைதானத்திலும் பந்து வீசி, இந்திய அணியைச் சுருட்டியவர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள். "மைதானத்தில் ஆடியது போலவே போர்க்களத்திலும் ஆடினார், கடைசிப் பந்து வரை ஆடினார்" என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரியல்ல. போர் விளையாட்டு அல்ல. ஆட்டத்தில் தோற்றவன் மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். கட்டானியா வயலில் விழுந்தவர்கள் திரும்பி வரவில்லை.

வெரிட்டியின் கதையில் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. மைதானத்தில் அவருக்கு ஒரு நாளும் கிடைக்காத பட்டம் "காப்டன்". அந்தப் பட்டம் அவருக்குப் போர்க்களத்தில்தான் கிடைத்தது. ஏன் அப்படி?

நிலக்கரி வியாபாரியின் மகன்

வெரிட்டி 1905-ம் ஆண்டு மே 18-ந் தேதி, யார்க்ஷயர் மாகாணத்தில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி பகுதியில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரி வியாபாரத்தில் இருந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் மகனும் அந்த வேலையில்தான் சேர்ந்தார். ஆனால் மனசு முழுதும் கிரிக்கெட்டில் இருந்தது.

சின்ன வயதிலேயே புகழ் வந்து கொட்டிவிடவில்லை. வார்விக்ஷயர் என்ற வேறு மாகாணத்தில் போய்ப் பந்து வீசிக் காட்டினார். "வேண்டாம்" என்று அனுப்பி விட்டார்கள்! ஊர்ச் சங்கங்களில் சம்பளத்துக்கு ஆடினார். முதலில் ஓரளவு வேகமாக வீசிக் கொண்டிருந்தவர், பிறகு இடது கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் முறைக்கு மாறினார்.

யார்க்ஷயர் அணியில் அப்போது இடது கைச் சுழல் வீச்சுக்கு ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வில்பிரட் ரோட்ஸ். ஆயுளில் நாலாயிரம் விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடிக் கொண்டிருந்தார். அவர் விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். வெரிட்டி காத்திருந்தார். 1930-ல் ரோட்ஸ் ஓய்வு பெற்ற ஆண்டில்தான் வெரிட்டிக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. பின்னால் பிறந்த தன் மகன் ஒருவனுக்கு ரோட்ஸின் பெயரையே வைத்தார்.

அடுத்த ஆண்டே தன் பிறந்த நாளன்று, மே 18-ந் தேதி, ஒரே இன்னிங்சில் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் தானே வீழ்த்தினார். அந்த எதிரணி எது தெரியுமா? "வேண்டாம்" என்று அனுப்பிய அதே வார்விக்ஷயர்!

பத்து ரன்னுக்குப் பத்து விக்கெட்

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அணியில் பதினொரு பேர். பத்துப் பேர் அவுட்டானால் அந்த அணியின் ஆட்டம் முடிந்தது. வழக்கமாக மூன்று நான்கு பந்து வீச்சாளர்கள் சேர்ந்துதான் அந்தப் பத்துப் பேரையும் வெளியேற்றுவார்கள். ஒருவரே பத்துப் பேரையும் வெளியேற்றுவது மிக அபூர்வம்.

1932-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி நாட்டிங்காம்ஷயர் அணிக்கு எதிராக, பிறந்த ஊரான ஹெடிங்லியில், வெரிட்டி அதை இரண்டாம் தடவை செய்தார். அன்று அவர் கொடுத்தது மொத்தம் பத்தே பத்து ரன். ஏறத்தாழ இருபது ஓவர் வீசினார். அதில் பதினாறு ஓவரில் ஒரு ரன் கூடக் கிடைக்கவில்லை. கடைசி ஏழு விக்கெட்டுகள் பதினைந்து பந்துகளில் விழுந்தன. முதல் தர கிரிக்கெட்டில் இதை விடச் சிறந்த கணக்கு இன்று வரை கிடையாது.

இவ்வளவுக்கும் அவர் பந்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. பந்தைப் பம்பரமாகச் சுழற்றுகிறவரும் அல்ல. எந்த இடத்தில் விழ வேண்டும் என்று நினைக்கிறாரோ அந்த இடத்தில் விழும். அடுத்த பந்தும் அங்கேயே விழும். அதற்கடுத்ததும் அங்கேயே. அடிக்கிறவனுக்குத்தான் பொறுமை போகும், வெரிட்டிக்குப் போகாது. மழை பெய்து தரை ஈரமாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

1934 ஜூன் மாதத்தில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் பந்தயம். வார இறுதியில் மழை பெய்தது. ஜூன் 25-ந் தேதி திங்கட்கிழமை ஒரே நாளில் வெரிட்டி 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தயம் முழுவதற்கும் 104 ரன்னுக்கு 15 விக்கெட். உலகமே நடுங்கிய பிராட்மனை இரண்டு இன்னிங்சிலும் அவர்தான் வெளியேற்றினார். லார்ட்சில் ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து மறுபடி தோற்கடிக்க 75 ஆண்டுகள் ஆயின. 2009-ல்தான் அது நடந்தது!

டெஸ்ட் பந்தயங்களில் பிராட்மனை எட்டுத் தடவை அவுட்டாக்கியவர் வெரிட்டி. வேறு எந்தப் பந்து வீச்சாளரும் இத்தனை தடவை அதைச் செய்ததில்லை.

சேப்பாக்கத்தில் வெரிட்டி

அதே 1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் முதன் முதலாக ஒரு டெஸ்ட் பந்தயம் நடந்தது. சேப்பாக்கம் மைதானம். இந்திய அணிக்கு சி.கே.நாயுடு தலைவர். இங்கிலாந்து அணிக்கு டக்ளஸ் ஜார்டின் தலைவர். பம்பாயில் பிறந்த வெள்ளைக்காரர் அவர். ஆஸ்திரேலியாவில் ஆட்டக்காரர்களின் உடம்பைக் குறி வைத்துப் பந்து வீசச் செய்து பெரிய ரகளையை உண்டாக்கிய அதே ஜார்டின்தான்.

முதலில் ஆடிய இங்கிலாந்து 335 ரன் எடுத்தது. நம் அமர்சிங் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தி அவர்களைத் திணற அடித்தார். ஆனால் பதிலுக்கு வெரிட்டி வந்தார். 49 ரன்னுக்கு ஏழு விக்கெட். இந்தியா 145 ரன்னில் சுருண்டது. இரண்டாவது இன்னிங்சில் மேலும் நாலு விக்கெட். இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

ஜார்டினுக்கு அதுதான் கடைசி டெஸ்ட். வெரிட்டிக்கு அவரிடம் பெரிய மதிப்பு. இன்னொரு மகனுக்கு ஜார்டினின் பெயர்!

ஒரு அணி, இரண்டு வாசல்

இங்கேதான் விஷயத்துக்கு வர வேண்டும். ஜார்டின் வசதி படைத்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர். அவரைப் போன்றவர்களுக்கு இங்கிலாந்தில் "கனவான்கள்" என்று பெயர். வெரிட்டியோ சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர். அவரைப் போன்றவர்களுக்கு வெறும் "ஆட்டக்காரர்கள்" என்று பெயர்.

இருவரும் ஒரே அணியில் இருப்பார்கள். ஆனால் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு வேறு. லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டத்துக்கு இறங்கி வரும் வாசல் கூட வேறு வேறு! அச்சடித்த அட்டையில் கனவானின் பெயருக்கு முன்னால் மரியாதையாக முதலெழுத்துகள் வரும். சம்பளக்காரருக்கு அந்த மரியாதை கிடையாது. கனவான்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரர்கள் ஒரு பக்கமாக ஆண்டுதோறும் பந்தயம் கூட நடத்தினார்கள்.

அணிக்குத் தலைவராவது கனவான்தான். சம்பளக்காரர் எவ்வளவு பெரிய புத்திசாலியாக இருந்தாலும் சரி, தலைமை கிடையாது. வெரிட்டி ஆடிய பத்து ஆண்டுகளில் யார்க்ஷயர் அணி ஏழு முறை மாகாணச் சாம்பியன் பட்டம் பெற்றது. ஆட்டத்தின் நுட்பத்தைக் கரைத்துக் குடித்தவர் வெரிட்டி. எந்த ஆட்டக்காரனுக்கு எங்கே ஆள் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனாலும் தலைவர் வேறொருவர். வெரிட்டி யோசனை சொல்லலாம். உத்தரவு போட முடியாது.

வெள்ளைக்காரன் ஊரிலா இப்படி என்று நாம் கைகொட்டிச் சிரிக்க வேண்டியதில்லை. நாம் என்ன செய்தோம்? 1932-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குப் போர்பந்தர் மகாராஜா தலைவர். நல்ல வேளையாக, டெஸ்ட் பந்தயத்தில் அவரே ஒதுங்கிக்கொண்டு சி.கே.நாயுடுவுக்கு வழி விட்டார். 1936-ல் விஜயநகரத்து ராஜகுமாரர் தலைவராகப் போனார். அவர் ஒதுங்கவே இல்லை. ஜாதி பார்த்து வாசல் வைப்பதில் நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

வெரிட்டி இதைப் பற்றி முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. அதற்காக அந்த ஏற்பாடு நியாயமாகி விடாது. முணுமுணுக்காத மனிதனுக்கு அநியாயம் செய்வது சுலபம், அவ்வளவுதான்.

பையில் ராணுவப் புத்தகங்கள்

1938-ல் ஐரோப்பாவில் யுத்த மேகம் கவிந்தது. ஹிட்லர் செக்கோஸ்லோவாகியாவை மிரட்டிக் கொண்டிருந்தான். யுத்தம் வந்தே தீரும் என்று வெரிட்டி முடிவுக்கு வந்துவிட்டார். "கிரீன் ஹோவர்ட்ஸ்" என்பது யார்க்ஷயரைச் சேர்ந்த பழைய பட்டாளம். அதன் கர்னல் ஒருவரைத் தேடிப் போய் யோசனை கேட்டார். கர்னல் ஒரு கட்டு ராணுவப் புத்தகங்களைக் கொடுத்து, "படியுங்கள்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. மற்றவர்கள் பொழுதுபோக்கும் நேரத்தில் வெரிட்டி புத்தகமும் கையுமாக இருந்தார். படையை எப்படி நகர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று படித்துக் கொண்டிருந்தார். பத்தாண்டுகளாக மைதானத்தில் மனத்துக்குள்ளேயே செய்து வந்த வேலைதானே அது!

1939 செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. அன்று ஹோவ் என்ற கடற்கரை ஊரில் சசெக்ஸ் அணியோடு யார்க்ஷயர் ஆடிக் கொண்டிருந்தது. ஆட்டத்தை நிறுத்தி விடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அது ஒரு மூத்த சசெக்ஸ் ஆட்டக்காரரின் உதவி நிதிக்கான பந்தயம். அவர் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்று ஆடி முடித்தார்கள். வெரிட்டி ஆறு ஓவர் வீசினார். 9 ரன்னுக்கு 7 விக்கெட். சசெக்ஸ் 33 ரன்னில் முடிந்தது.

அதுதான் அவருடைய கடைசி முதல் தரப் பந்தயம். மொத்தம் 1,956 விக்கெட்டுகள். அதில் 40 டெஸ்ட் பந்தயங்களில் எடுத்தவை 144. இன்னும் ஆறு ஏழு ஆண்டுகள் ஆடியிருக்கலாம்.

போகாமல் இருந்திருக்கலாமா?

போயிருக்க வேண்டியதில்லை என்றே சொல்லத் தோன்றும். வயது 34. இரண்டு சிறு பிள்ளைகள். நாடறிந்த பெயர். விளையாட்டு வீரர்கள் பலருக்கு யுத்த காலத்தில் தேகப் பயிற்சி ஆசிரியர் உத்தியோகம் கிடைத்தது. சிப்பாய்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஓய்வு நாளில் தரும நிதிப் பந்தயம் ஆடிக்கொண்டு, பத்திரமாக ஊரிலேயே இருந்திருக்கலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதுவும் தேவையான வேலையே.

வெரிட்டி அந்த வழியில் போகவில்லை. காலாட் படையைத் தேர்ந்தெடுத்தார். கிரீன் ஹோவர்ட்ஸ் பட்டாளத்தில் அதிகாரியானார். சீக்கிரமே காப்டன் ஆனார். ஒரு கம்பெனி, அதாவது சுமார் நூறு சிப்பாய்கள், அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள்! பதினோரு பேர் கொண்ட கிரிக்கெட் அணியை நடத்த அந்த நிலக்கரி வியாபாரி மகனுக்குத் தகுதி போதாது. நூறு பேரைக் குண்டு மழைக்குள் நடத்திப் போக மட்டும் தகுதி போதும்! சமாதான காலத்தில் அடைத்திருந்த கதவு, சாவு வந்ததும் திறந்து கொண்டது.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் இருக்கலாம். "ராணுவமாவது அவர் அருமையைக் கண்டதே, அதைப் பாராட்டக் கூடாதா?" என்று கேட்கலாம். பாராட்டலாம். ஆனால் திறமையைக் கண்டுபிடிக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது என்பது பெருமைப்படும் விஷயம் அல்லவே!

இன்னொரு கேள்வியும் நம் பக்கம் இருந்து எழும். 1942-ல் வெரிட்டியின் பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. ராஞ்சியில் தங்கியது. அங்கே அவர் வயிற்றுக் கடுப்பால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் "வெள்ளையனே வெளியேறு" என்று காந்தியடிகள் முழங்கினார். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்துக் காப்டனை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

கொண்டாடுவது வேறு, அறிந்து கொள்வது வேறு. நம்மை அடிமைப்படுத்திய ஆட்சியின் உடையைத்தான் அவர் அணிந்திருந்தார். அது உண்மை. அந்த உடையோடு அவர் போரிட்டது ஹிட்லர், முசோலினி படைகளோடு. அதுவும் உண்மை. அதே படைகளை எதிர்த்து, ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் உயிர் விட்டார்கள். அவர்கள் பெயரில் பத்தை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். வெரிட்டியை அறிவதால் அவர்களுக்குக் குறைவில்லை. அவர்களை மறந்திருப்பதுதான் குறை.

கடைசிப் பத்து நாட்கள்

ராஞ்சியில் இருந்து பாரசீகம், சிரியா, எகிப்து என்று சுற்றிவிட்டு, 1943 ஜூலையில் அவர் பட்டாளம் சிசிலியில் இறங்கியது. பத்து நாளைக்குள் கட்டானியா வயல் வந்தது.

காப்டன் விழுந்த பிறகும் சிப்பாய்கள் முயன்றார்கள். முடியவில்லை. கம்பெனி பின்வாங்க வேண்டி வந்தது. காயம் பட்டவர்களைத் தூக்கிச் செல்ல வழியில்லை. வெரிட்டியின் பணியாளாக இருந்த சிப்பாய் மட்டும் ஓடவில்லை. எரிகிற வயலில் தன் அதிகாரியின் பக்கத்திலேயே இருந்து விட்டார். இருவரும் ஜெர்மானியரிடம் கைதி ஆனார்கள். தலைமை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், அந்தச் சிப்பாய் அங்கேயே இருந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

எதிரிகளை அரக்கர்களாக எழுதுவது சுலபம். ஆனால் ஜெர்மன் கள ஆஸ்பத்திரியில் வெரிட்டிக்கு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு கடல் கடந்து இத்தாலிக்குக் கொண்டு போனார்கள். ரெயிலில் நேப்பிள்ஸ்; அங்கிருந்து கசெர்ட்டா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி. அங்கே மறுபடியும் ஆபரேஷன். விலா எலும்பு ஒன்றின் பகுதியை எடுத்தார்கள். ரத்தப் போக்கு நிற்கவில்லை. ஜூலை 31-ந் தேதி உயிர் பிரிந்தது. ராணுவ மரியாதையோடு இத்தாலியர்களே அடக்கம் செய்தார்கள்.

யார்க்ஷயரில் இருந்த வீட்டாருக்கு இது ஒன்றும் தெரியாது. "காயம் அடைந்தார், காணவில்லை" என்ற செய்திதான் போயிருந்தது. எங்கோ கைதியாக இருப்பார், வந்து விடுவார் என்று நம்பிக் கொண்டிருந்தார்கள். அவரோடு யார்க்ஷயருக்கு ஆடிய பில் பௌஸ் கூட முந்தின ஆண்டு டோப்ரூக்கில் கைதியாகி, உயிரோடுதானே இருந்தார்! ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 1-ந் தேதி மரணச் செய்தி உறுதியாயிற்று. ஹோவ் மைதானத்தில் அவர் கடைசியாகப் பந்து வீசி அன்றோடு சரியாக நாலு வருஷம்.

கசெர்ட்டாவுக்கு வந்த காப்டன்

வெரிட்டி இருந்த நாளில் யார்க்ஷயர் அணியில் ஒரு இளைஞர் சேர்ந்தார். பெயர் லென் ஹட்டன். அவரும் சம்பள ஆட்டக்காரர்தான். 1938-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 364 ரன் எடுத்து உலக சாதனை செய்தவர். அந்தப் பந்தயத்தின் நடுவே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில், இருபத்திரண்டு வயதுப் பையனைக் கவலைப்பட விடாமல் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் கூடவே இருந்தவர் வெரிட்டி.

1952-ல் இந்தியாவுக்கு எதிரான பந்தயத் தொடருக்கு ஹட்டனை இங்கிலாந்து அணியின் தலைவராக நியமித்தார்கள். 20-ம் நூற்றாண்டில் அந்தப் பதவிக்கு ஒரு சம்பள ஆட்டக்காரரை நியமித்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1962-ல் கனவான், ஆட்டக்காரன் என்ற பிரிவையே ஒழித்து விட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வாசல் ஆயிற்று.

1954-ல் ஹட்டன் தன் அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போனார். வழியில் கப்பல் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நின்றது. உடன் வந்த யார்க்ஷயர் நண்பர்களை அழைத்துக்கொண்டு ஹட்டன் கசெர்ட்டாவுக்குப் போனார். யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. அதில் வெரிட்டியின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, இங்கிலாந்து அணியின் காப்டன் அதன் முன்னால் தலை குனிந்து நின்றார்.